400 சதுர அடி பழைய வீடு... சுவரை இடிக்காமலேயே இடம் பிடிப்பது எப்படி?

எடப்பாடியின் பழைய தெருக்களில் பல வீடுகளைப் பார்த்தால், வீட்டுக்குள்ள தறி இருக்கா, தறிக்கூடத்துக்குள்ள வீடு இருக்கான்னு சட்டுன்னு சொல்ல முடியாது. முன்பக்கம் ரெண்டு விசைத்தறி, பின்பக்கம் ஒரு அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை. ஜலகண்டாபுரம், குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கமும் இதே அமைப்பைப் பார்க்கலாம். பிள்ளைங்க வேற வேலைக்குப் போயாச்சு, தறியைக் கழற்றிக் கொடுத்தாச்சு என்ற நிலையில் வரும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சின்ன வீட்டைக் கொஞ்சம் வசதியா மாத்த முடியுமா? 30, 40 வருஷப் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும் இதே கேள்விதான்.

நிச்சயமா முடியும். ஆனா நிறைய பேர் முதலில் யோசிப்பது 'நடுச்சுவரை எடுத்துட்டா ஹால் பெருசாகிடும்' என்பதைத்தான். சிக்கலே அங்கதான்.

எந்தச் சுவரைத் தொடக் கூடாது?

புதிய அப்பார்ட்மென்ட்களில் கான்கிரீட் தூணும் பீமும் பாரத்தைத் தாங்கும். நடுவில் இருக்கும் சுவர் வெறும் தடுப்புதான். பழைய ஒரு மாடி, இரண்டு மாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் தூணே கிடையாது. 9 அங்குலச் செங்கல் சுவர்தான் கூரையைச் சுமக்கிறது. அதை எடுத்தால் மேலே இருப்பதற்குப் பிடிமானம் இல்லை. வாசற்கால் பக்கத்தில் சுவரின் கனத்தை அளந்து பாருங்க. பூச்சோடு சேர்த்து 10 அங்குலம் வந்தால் கை வைக்க வேண்டாம். 5, 6 அங்குலம் வந்தால் தடுப்புச் சுவராக இருக்கலாம், ஆனா உறுதி இல்லை. சில வீடுகளில் பின்னாளில் போட்ட பரணையோ மாடியையோ அந்தச் சுவரே தாங்கிக்கொண்டிருக்கும். கொத்தனார் தட்டிப் பார்த்து 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்வது போதாது. ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்கும் செலவு, மொத்தச் செலவில் சின்னத் தொகைதான்.

2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்றில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. யாரும் சாகவில்லை. காரணம், விரிசலைக் கவனித்து மக்கள் முன்கூட்டியே வெளியேறிவிட்டார்கள். உங்க வீட்டு விரிசலையும் அப்படிக் கவனிக்க ஒரு எளிய வழி இருக்கு. விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்க. ரெண்டு மாசத்தில் கோட்டைத் தாண்டிப் போயிருந்தால், முதலில் அதைத்தான் சரி செய்யணும். வருஷக்கணக்கா தறி அதிர்ந்த கட்டடத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

தறி நின்ற இடம் அறையாகணும்னா?

எண்ணெய் ஊறிய தரை மேல் டைல்ஸ் ஒட்டாது. மேல்பரப்பைக் கொத்தி எடுத்துட்டுத்தான் போடணும். அதுக்கும் முந்தைய காலத்துக் குழித்தறி இருந்த வீடா? அந்தக் குழியை ஒரே நாளில் மண் கொட்டி மூடினால் ஆறு மாசத்தில் தரை உள்வாங்கும். அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணி விட்டு, இடித்து இறுக்கணும்.

கூரை சிமென்ட் அட்டையா? பழைய அட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனவே அதை அறுப்பது, துளை போடுவது, உடைப்பது மூன்றும் வேண்டாம். நனைத்து, முழு அட்டையாகக் கழற்றுவது நல்லது.

சரி, இடம் எங்கே ஒளிஞ்சிருக்கு?

முதல் இடம், கதவுக்குப் பின்னாடி. இரண்டரை அடி அகலக் கதவு திறந்து மூட ஏறக்குறைய 5 சதுர அடி தரை வேணும். நாலு கதவுன்னா 20 சதுர அடி. 400 சதுர அடி வீட்டில் இருபதில் ஒரு பங்கு! உள் அறைகளுக்கு நகரும் கதவு போட்டால் அந்த இடம் நமக்கு. ஆனா குளியலறைக்கு இது சரி வராது, நாற்றமும் ஈரமும் வெளியே வரும்.

இரண்டாவது, கட்டில். வீட்டிலேயே அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டு பகல் முழுக்கச் சும்மா இருக்கும் பொருள் அதுதான். ஹாங்காங்கில் கேரி சாங் என்ற கட்டடக் கலைஞர், சிறுவயதில் பெற்றோர், மூன்று தங்கைகளோடு வாழ்ந்த 344 சதுர அடி வீட்டையே பின்னாளில் மாற்றியமைத்தார். அலமாரிகளே சுவர்கள், அவை மேலே பதித்த தண்டவாளத்தில் நகரும். ஒன்றை இழுத்தால் சமையலறை, இன்னொன்றை இழுத்தால் குளியல் தொட்டி, கட்டில் சுவரிலிருந்து இறங்கும். மொத்தம் 24 விதமாக அந்த ஒரே அறை மாறும். உலகமே வியந்த யோசனைதான். ஆனா பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் படுத்த இடத்திலேயே இலை போட்ட நம்ம பாட்டிகளுக்கு இது பெரிய அதிசயமாகத் தெரிந்திருக்காது. மடக்கும் கட்டிலைச் சுவரில் மாட்டுவதாக இருந்தால் 9 அங்குலச் சுவரில் மட்டும் மாட்டுங்க. பட்ஜெட் இல்லையா, அடியில் இழுப்பறை வைத்த திவான் போதும்.

மூன்றாவது, தலைக்கு மேலே. கொங்குப் பக்கம் அட்டாலி என்று சொல்வோமே, அதுதான். 10 அடி உயர அறையில் 7 அடிக்கு மேல் 3 அடி காலியாகக் கிடக்கிறது. பழைய கான்கிரீட் பரணாக இருந்தால் அடியில் காரை உப்பியிருக்கா, துருப்பிடித்த கம்பி தெரியுதான்னு பார்க்காமல் எதையும் ஏத்தாதீங்க. போர்வை, பண்டிகைப் பாத்திரம் சரி. 500 லிட்டர் தண்ணித் தொட்டி அரை டன், அது கூடாது.

பாரம் என்றதும் இன்னொன்று. மாடி வீட்டில் பழைய தரை மேலேயே 2 அங்குலத்துக்குக் கலவையும் டைல்ஸும் போட்டால், 300 சதுர அடிக்கு ஏறக்குறைய 3 டன் கூடுதல் எடை. பழையதைப் பெயர்த்துட்டுப் போடுறதுதான் நல்லது.

அலமாரி மரத்துக்கு வருவோம். சமையலறைத் தொட்டிக்கு அடியில் சாதாரண பிளைவுட் போட்டால் ஊறி விரியும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பலகையைக் கேட்டு வாங்குங்க. பக்கத்து வீட்டில் இன்னும் தறி ஓடுதா? திறந்த ஷெல்ஃப் அழகாத்தான் இருக்கும், ஆனா ஒரு வாரத்தில் பஞ்சுத் தூசி படிந்துவிடும். மூடி வைத்த அலமாரியே நம்ம ஊருக்கு.

மின் இணைப்பையும் அனுமதியையும் மறந்துடாதீங்க

தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் இலவசம். 2023இல் 750இலிருந்து இது உயர்த்தப்பட்டது. தறி போன பிறகு அதே இணைப்பில் ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓட்டினால் அது தவறான பயன்பாடு. மின்வாரியத்தில் விண்ணப்பித்து வீட்டு இணைப்பாக மாற்றிக்கொள்ளணும். அப்போதே பழைய வயரிங்கையும் மாற்றி, கசிவு மின்சாரம் வந்தால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்திவிடுங்க.

கட்டமைப்பைத் தொடாத உள் வேலைக்குப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவையில்லை. மாடி கூட்டினாலோ கட்டடத்தை நீட்டினாலோ நகராட்சி அனுமதி வேணும். அடுக்குமாடியில் தூண், பீம், முக்கியச் சுவர், கூரை எல்லாம் எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுச் சொத்து. உங்க வீட்டுக்குள்ளே இருந்தாலும் நீங்க மட்டும் முடிவு பண்ண முடியாது.

வேலையின் வரிசை: முதலில் கூரைக் கசிவும் விரிசலும், அடுத்து தண்ணிக் குழாயும் வயரிங்கும், பிறகு தரை, கடைசியாத்தான் மர வேலை. குழாய்க்காகச் சுவரில் காடி வெட்டும்போது படுக்கைவாட்டில் நீளமாக வெட்ட விடாதீங்க, பாரம் தாங்கும் சுவரை அது பலவீனமாக்கும். மேலிருந்து கீழாக வெட்டச் சொல்லுங்க.