மின் தொகுப்பின் நாடி

நெல்லைக் குதிரில் சேர்த்து வைத்து வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம். மின்சாரமோ உற்பத்தியாகும் கணத்திலேயே செலவாகவேண்டும். நாடெங்குமுள்ள விளக்குகளும் விசிறிகளும் பம்புகளும் கேட்கும் அளவும், மின் நிலையங்கள் அளிக்கும் அளவும் எந்நேரமும் ஒத்து நிற்றல் வேண்டும். இந்த ஒப்பின் நிலையைக் காட்டும் நாடியே அதிர்வெண் ஆகும். நம் நாட்டில் அது வினாடிக்கு 50 சுழற்சி. உற்பத்தியை விடத் தேவை மிகுந்தால் நாடி தளரும், குறைந்தால் துள்ளும்.

மாணவர்க்கு இதனை விளக்கச் சைக்கிள் டைனமோ ஒன்றே போதும். சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டிருக்கையில் விளக்கை இணைத்தால், சுழற்சி கனப்பதைக் கை உடனே உணரும்.

அனல் மின் நிலையங்களில் பல டன் எடையுள்ள சுழலிகள் நிமிஷத்திற்கு 3,000 முறை சுழல்கின்றன. எங்கேனும் ஒரு நிலையம் திடீரென நின்றுவிட்டால், ஏனைய சுழலிகள் தம் சடத்துவத்தால் சில வினாடிகள் அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். நீராவி வால்வுகள் மேலும் திறப்பதற்கு அந்த அவகாசம் தேவை. சூரியத் தகட்டிலோ சுழலும் பொருள் யாதுமில்லை. அதனோடு இணைந்த இன்வெர்ட்டர் பெரும்பாலும் தொகுப்பின் நாடியைப் பின்பற்றுமேயன்றித் தானே நாடியாக நிற்பதில்லை. புதுவகை இன்வெர்ட்டர்களும், மின்கல அடுக்குகளும், மின்சாரம் ஈனாது வெறுமனே சுழலும் கனத்த இயந்திரங்களும் இக்குறையை நீக்கவல்லவை.

நாடி குலைந்தால் நேர்வது என்ன என்பதை 2012 ஜூலை 30, 31 தேதிகளில் கண்டோம். பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை அறுபட, அதன் சுமை பிற பாதைகளின் மீது விழுந்தது. அவையும் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்துக்கொண்டன. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் வீழ்ந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதி மின்சாரமின்றி நின்றது. தென்னகத் தொகுப்பு அந்நாளில் தனி நாடியோடு இயங்கியமையால் தப்பியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைந்தபின் நாடு முழுவதற்கும் ஒரே நாடி.

2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு, ஒன்பது நிமிஷம் விளக்கணைக்கும்படி மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. அதற்கு ஈடாக நீர்மின் நிலையங்கள் தம் உற்பத்தியை விரைந்து குறைத்துப் பின்னர் விரைந்து உயர்த்தின, தொகுப்பு நிலைபெற்றது. அது ஒருநாள் நிகழ்ச்சி, அதுவும் முன்னறிவித்தது. கதிரவன் மறைய மறையச் சூரிய மின்சாரம் வற்றுவதும், அதே வேளையில் வீடுகளில் விளக்கேறுவதும் நாள்தோறும் நிகழ்வன.

தகடுகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுமளவிற்குக் கம்பிப்பாதைகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. சூரியப் பண்ணையை ஓரிரு ஆண்டில் அமைத்துவிடலாம். அதன் மின்சாரத்தைத் தொலைவிடம் சேர்க்கும் பாதைக்கு அதனினும் நெடுங்காலம் பிடிக்கிறது. போதிய பாதை இன்மையால் 2025-இல் ராஜஸ்தானத்தில் நண்பகல் உற்பத்தியின் ஒரு பகுதியை நிறுத்திவைக்க நேர்ந்தது.

மிஞ்சும் பகல் மின்சாரத்தைக் காக்கும் குதிர் அறவே இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் ஆனைமலைப் பகுதியிலுள்ள காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று உண்டு. அங்கே கீழ்நீர்த்தேக்கத்து நீரை மேலேற்றி, தேவைப்படும் வேளையில் மீண்டும் இறக்கி மின்சாரம் எடுக்கின்றனர். இத்தகைய நிலையங்கள் முற்காலத்தில் இரவில் மிஞ்சிய மின்சாரத்தால் நீரேற்றவே கருதப்பட்டவை. இனி அவற்றிற்கு நண்பகலே நீரேற்றும் வேளை.