பாட்டியின் ஸ்பானிஷ், பேராசிரியரின் ஸ்பானிஷ்

அமெரிக்கக் கல்லூரிகளின் ஸ்பானிஷ் வகுப்புகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. அடுத்தடுத்த இருக்கைகளில் இரண்டு மாணவிகள். ஒருத்தி வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசி, பள்ளியில் மூன்று வருடம் ஸ்பானிஷ் படித்தவள். இன்னொருத்தியின் பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். பிறந்த நாள் முதல் அவள் காதில் விழுந்தது ஸ்பானிஷ்தான். இலக்கணத் தேர்வு வைத்தால், முதல் மாணவி வினைச்சொல் அட்டவணையை மளமளவென்று நிரப்பிவிடுகிறாள். இரண்டாமவளுக்குக் கேள்வியே பிடிபடுவதில்லை. ‘சப்ஜங்டிவ்’ என்ற பெயரை அவள் கேட்டதே இல்லை. ஆனால் அந்த வினைவடிவத்தை அன்று காலைதான் அம்மாவிடம் போனில் பேசும்போது நாலு தடவை சொல்லியிருப்பாள்.

மதிப்பெண் பட்டியலில் முதலாமவள் மேலே, இரண்டாமவள் கீழே. தன் வீட்டு மொழியில் தானே தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு அவள் வெளியே வருகிறாள்.

இந்த முரணை ஆராய்ச்சியாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். சில்வினா மொன்ட்ருலும் அவருடன் பணியாற்றியவர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்பானிஷ் பெயர்ச்சொற்களின் ஆண்பால், பெண்பால் பொருத்தத்தை எடுத்துக்கொண்டது. எழுத்துத் தேர்வில் பள்ளியில் கற்றவர்கள் முந்தினார்கள். வாய்விட்டுப் பேசச் சொன்னபோது வீட்டில் கற்றவர்கள் முந்தினார்கள். ஒரே மொழிதான். ஒருவருக்கு அது கண் வழியாக வந்தது, மற்றவருக்குக் காது வழியாக வந்தது. கண்ணுக்கு மட்டும் தேர்வு வைத்தால் காது தோற்கத்தான் செய்யும்.

வீட்டில் ஒரு மொழி, நாட்டில் வேறு மொழி என்று வளர்ந்தவர்களை அங்கே ‘ஹெரிடேஜ் ஸ்பீக்கர்ஸ்’ என்கிறார்கள். தமிழில் மரபுமொழியாளர் என்று சொல்லலாம். ஆங்கிலமல்லாத மொழி புழங்கும் வீட்டில் வளர்ந்து, அதைப் பேசவோ குறைந்தது புரிந்துகொள்ளவோ தெரிந்து, ஏதோ ஓர் அளவில் இருமொழியாளராக இருப்பவர் என்று குவாதலூப்பே வால்தேஸ் வகுத்த விளக்கம்தான் இன்றும் பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர் 1970கள் தொட்டு இந்த மாணவர்களைப் பற்றி எழுதிவருகிறார்.

அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் 4 கோடிக்கும் மேல். இருந்தாலும் கல்லூரியில் அது ‘அயல்மொழி’களில் ஒன்றாகவே உட்கார்ந்திருக்கிறது. வரலாற்றைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருந்தவே பொருந்தாது. நியூ மெக்சிகோவில் ஸ்பானியர்கள் குடியேறியது 1598இல்; ஆங்கிலேயர்கள் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் கால் ஊன்றியது 1607இல். மெக்சிகோவுடன் நடந்த போர் முடிந்து 1848இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, தென்மேற்கின் பெரும்பரப்பு அமெரிக்காவின் கைக்கு மாறியது. அங்கிருந்த ஸ்பானிஷ்காரர்கள் எங்கும் போகவில்லை. எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் அந்த மொழியை நடத்திய விதம் கொடுமையானது. டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கே மார்ஃபா என்ற சிற்றூர். மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட பிளாக்வெல் பள்ளி அங்கே இருந்தது. 1954இல் அங்கே ஒரு ‘சவ அடக்கம்’ நடந்தது. ஸ்பானிஷ் பேச மாட்டோம் என்று குழந்தைகள் துண்டுச் சீட்டுகளில் எழுதினார்கள். அந்தச் சீட்டுகளை ஒரு பெட்டியில் போட்டு, ‘மிஸ்டர் ஸ்பானிஷ்’ இறந்துவிட்டதாகச் சொல்லி, பள்ளி வளாகத்திலேயே குழிதோண்டிப் புதைத்தார்கள். அம்மாவின் மொழியைப் பிள்ளையின் கையாலேயே புதைக்க வைத்த அந்தப் பள்ளி 1965இல் மூடப்பட்டது. அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் 2022இல் நிறைவேறியது.

அதே மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், ரியோ கிராண்டே நதிப் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர் எழுத்தாளர் குளோரியா அன்சால்துவா. பள்ளி இடைவேளையில் ஸ்பானிஷ் பேசியதற்காக விரல் முட்டியில் ஸ்கேலால் அடி வாங்கியதை, 1987இல் வெளிவந்த ‘பார்டர்லேண்ட்ஸ்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். பிறகு அவர் படித்தது அதே பள்ளத்தாக்கில் உள்ள எடின்பர்க் நகரின் பான் அமெரிக்கன் கல்லூரியில். அங்கே மெக்சிகோ வம்சாவளி மாணவர்கள் எல்லோரும் இரண்டு பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் கட்டாயம் சேர வேண்டும். அவர்களுடைய ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கும் ஸ்பானிஷ் சாயலைத் துடைத்தெடுப்பதே அந்த வகுப்புகளின் நோக்கம். 1968 நவம்பரில், அருகிலிருந்த எட்கௌச்-எல்சா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளிநடப்பு செய்தார்கள். பள்ளி வளாகத்தில் ஸ்பானிஷ் பேச உரிமை வேண்டும் என்பது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. எடின்பர்க் கல்லூரிக்கு இந்தக் கட்டுரை மறுபடியும் வரும்.

இப்படி அடிபட்ட தலைமுறையினரில் பலர், தம் பிள்ளைகளாவது தப்பிக்கட்டும் என்று வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். பியூ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பின்படி, அமெரிக்க லத்தீன் வம்சாவளியினரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு ஸ்பானிஷில் உரையாடுவது கொஞ்சம்தான் முடியும், அல்லது முடியவே முடியாது. அப்படிப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், அதற்காகச் சொந்த இனத்தாராலேயே மனம் நோகப் பேசப்பட்டிருக்கிறார்கள். இவர்களுக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு: ‘நோ சபோ’ பிள்ளைகள். ஸ்பானிஷில் ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு ‘நோ சே’ என்று சொல்ல வேண்டும். ‘சாப்பிடுகிறேன்’ என்பதற்கு ‘கோமோ’, ‘குடிக்கிறேன்’ என்பதற்கு ‘பேபோ’ என்றால், ‘தெரியும்’ என்பதற்கு ‘சபோ’ என்று இருக்க வேண்டும் அல்லவா? குழந்தை அப்படித்தான் கணக்குப் போடும். ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் பேசப் பழகும் குழந்தைகள்கூட இதே தவற்றைச் செய்துவிட்டுத்தான் தாண்டிப் போகிறார்கள். அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளை தாண்டுவதற்குள் மழலையர் பள்ளி வந்துவிடுகிறது, ஆங்கிலம் உள்ளே புகுந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட பிள்ளை பதினெட்டு வயதில் கல்லூரிக்கு வரும்போது அவளுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது? ‘வணக்கம், என் பெயர்’ என்று தொடங்கும் பாடம் அவளுக்குச் சலிப்பு. செர்வாண்டெஸ் பற்றிப் பத்துப் பக்கக் கட்டுரை கேட்கும் பாடம் அவளுக்கு மலை. நடுவில் ஒரு படிக்கட்டு தேவை. ஸ்பானிஷ் ஆசிரியர்களின் சங்கம் இதற்கென்று 1972இலேயே தனி அறிக்கை வெளியிட்டது. அதையொட்டி, தாய்மொழியாகப் பேசுவோருக்கான ஸ்பானிஷ் என்ற பெயரில் தனி வகுப்புகள் பரவின.

படிக்கட்டின் முதல் படி எழுத்து. ஸ்பானிஷை ஒலித்தபடி எழுதும் மொழி என்பார்கள். காதால் மட்டும் கற்றவருக்கு அது அவ்வளவு எளிதில்லை. ‘எச்’ எழுத்துக்கு ஒலியே கிடையாது. ‘பி’யும் ‘வி’யும் ஒரே ஒலி. லத்தீன் அமெரிக்காவில் ‘எஸ்’, ‘இசட்’, மென்மையான ‘சி’ மூன்றும் ஒன்றாகவே ஒலிக்கும். ‘பார்ப்போம்’ என்று பொருள்படும் இரண்டு சொற்களும் ‘இருத்தல்’ என்ற ஒற்றைச் சொல்லும் காதுக்கு ஒன்றே, தாளில் வேறு வேறு. ல, ள, ழ வேறுபாட்டைப் பேச்சில் தொலைத்துவிட்டு எழுத உட்காரும் தமிழ்ப் பிள்ளையின் தவிப்பு இங்கேயும் உண்டு. இதோடு அழுத்தக்குறி வேறு. ‘ஆப்லோ’ என்ற சொல்லில் முதல் அசையை அழுத்தினால் ‘பேசுகிறேன்’. கடைசி அசையை அழுத்தி, எழுதும்போது அங்கே ஒரு கோடு போட்டால் ‘அவர் பேசினார்’. பேச்சில் இந்த மாணவி ஒருநாளும் தவறுவதில்லை. கோடு எங்கே போடுவது என்பதுதான் தெரியாது. நல்ல ஆசிரியர் விதியை ஒப்பிக்கச் சொல்ல மாட்டார். “சொல்லிப் பார், எங்கே அழுத்துகிறாய் என்று கேள்” என்பார். காதில் ஏற்கெனவே இருப்பதைக் கைக்கு இறக்கிவிடும் வேலை இது.

அடுத்தது, யாரிடம் எப்படிப் பேசுவது என்பது. ஸ்பானிஷில் ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள். வீட்டுக்குள்ளேயே மொழி புழங்கியதால் பலருக்கு ‘தூ’ தான் வாயில் வரும். பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போதும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் தடுமாறுகிறார்கள். அந்த ‘விண்ணப்பம்’ என்ற சொல்லே ஒரு சிக்கல். ஆங்கிலத்தைப் பின்பற்றி வீட்டில் ‘அப்லிகசியோன்’ என்பார்கள். மற்ற நாடுகளின் அலுவலகங்களில் அது ‘சொலிசிதூத்’. லாரிக்கு ‘த்ரோக்கா’, மதியச் சாப்பாட்டுக்கு ‘லோன்ச்சே’, வண்டி நிறுத்துவதற்கு ‘பார்க்கேயார்’ என்று ஆங்கிலம் கலந்து பிறந்த சொற்கள் இன்னும் பல.

இவையெல்லாம் தவறுகளா? இந்தத் துறையின் நெடுநாள் வழக்கே இதுதான்.

தொடக்ககாலப் பாடப்புத்தகங்கள் பலவற்றில் ‘இப்படிச் சொல்லாதே, அப்படிச் சொல்’ என்று இரண்டு பத்திப் பட்டியல் இருந்தது. வீட்டுப் பேச்சு ஒரு நோய், கல்லூரி அதற்கு மருந்து என்ற எண்ணம் அது. பிறகு, வீட்டுக்கு ஒரு மொழிநடை, வெளிக்கு ஒரு மொழிநடை, எதையும் அழிக்க வேண்டாம், கூடுதலாக ஒன்றைச் சேர்ப்போம் என்ற பார்வை வந்தது. அதுவும் போதாது என்று 2005இல் எழுதினார் மொழியியலாளர் ஜெனிஃபர் லீமன். இடத்துக்கு ஏற்ற மொழி என்று சொல்கிறீர்கள், எந்த இடத்துக்கு எது ஏற்றது என்று தீர்மானித்தவர் யார் என்பதையும் மாணவர்களோடு பேசுங்கள் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ‘ஐகா’ என்ற வினைவடிவத்தைப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் ‘ஆயா’ என்று இருக்கும். நாட்டுப்புறங்களில் லட்சக்கணக்கானோர் ‘ஐகா’ என்பார்கள். தாளில் அதன்மேல் சிவப்புக் கோடு விழும்போது, “உன் அப்பாவுக்குப் பேசத் தெரியாது” என்றுதான் மாணவியின் காதில் விழுகிறது.

நியூ மெக்சிகோவின் மலைக்கிராமங்களில் ‘கொண்டுவந்தேன்’ என்பதற்கு ‘த்ருஹே’ என்றும் ‘இப்படி’ என்பதற்கு ‘ஆசினா’ என்றும் சொல்வார்கள். இன்றைய பாடப்புத்தகத்துக்கு இவை கொச்சை. ஆனால் ‘த்ருஹே’ என்பது செர்வாண்டெஸின் ‘தோன் கிஹோத்தே’ நூலிலேயே இருக்கும் வடிவம். நானூறு வருடத்துக்கு முன் வந்து சேர்ந்த சொல்லை அந்தக் கிராமத்துப் பாட்டிமார் பத்திரமாக வைத்திருந்தார்கள். மற்ற ஊர்கள்தான் மாற்றிக்கொண்டன. இந்தச் செய்தியை வகுப்பில் முதல்முறை கேட்கும் மாணவருக்குத் தன் பாட்டியின் பேச்சு வேறு விதமாகக் கேட்கத் தொடங்கும். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் இவர்களுக்கென்றே ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. அந்த மாநிலத்துக் கிராமத்து வாழ்க்கையை ஸ்பானிஷில் கதைகளாக எழுதிய சபீனே உலிபார்ரியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

பொது ஸ்பானிஷ் என்று எதைக் கற்பிப்பது என்பதும் எளிய கேள்வி அல்ல. மெக்சிகோ குடும்பத்துப் பையனுக்குப் பேருந்து ‘கமியோன்’. புவெர்ட்டோ ரிக்கோ குடும்பத்துப் பெண்ணுக்கு அது ‘குவாகுவா’. சிலே நாட்டில் ‘குவாகுவா’ என்றால் கைக்குழந்தை. இத்தனை ஊர்ப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும்போது, எந்த ஒரு வீட்டுச் சொல்லும் எல்லா இடத்திலும் செல்லாது என்பது தானாகவே புரிகிறது. எல்லோருக்கும் பொதுவான ‘அவுத்தோபூஸ்’ என்ற சொல்லைக் கற்பதற்கு அப்போது ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. யாரையும் தாழ்த்தத் தேவையில்லை.

ஓல்கா ககனும் மரியா கரேய்ராவும் பல மொழிகளைச் சேர்ந்த சுமார் 1,700 மரபுமொழி மாணவர்களிடம் ஆய்வு நடத்தி, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏன் இந்த மொழியைப் படிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு முன்வரிசையில் வந்த பதில்கள், தம் வேரை அறிவதும் குடும்பத்தாரோடு இன்னும் நன்றாகப் பேசுவதும். ஆகவே பாடமும் அங்கேயிருந்து தொடங்கட்டும் என்கிறார்கள் இத்துறையினர்: முதலில் முழுப் பனுவல், பிறகு அதிலிருந்து இலக்கணம், முதலில் கேட்டல், பிறகு வாசிப்பு. புதிதாகக் கற்பவருக்கான பாதைக்கு இது கிட்டத்தட்ட தலைகீழ். சேர்க்கைத் தேர்வும் அப்படியே மாற வேண்டும். வினைத்திரிபு அட்டவணையை நிரப்பச் சொல்வதைவிட, சின்ன வயதில் யாரோடு ஸ்பானிஷ் பேசினாய் என்று கேட்டால் ஆசிரியருக்கு அதிகம் தெரியவரும்.

இந்தப் பிள்ளைகளிடம் மறைந்திருக்கும் ஒரு திறமையைப் பற்றி வால்தேஸ் 2003இல் தனி நூலே எழுதினார். வங்கியிலும் மருத்துவமனையிலும் பள்ளி முதல்வர் அறையிலும் பெற்றோருக்காக மொழிபெயர்த்துக்கொண்டே வளர்பவர்கள் இவர்கள். எதிராளியின் கடுஞ்சொல்லை அம்மாவிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று நொடியில் முடிவெடுக்கும் பத்து வயதுக் குழந்தையின் அறிவுக்கூர்மை எந்தத் தேர்விலும் மதிப்பெண் பெறுவதில்லை.

மருத்துவத் துறையில் அதற்கு இப்போது தேவை கூடியிருக்கிறது. அன்சால்துவா படித்த எடின்பர்க் கல்லூரி பிற்பாடு பல்கலைக்கழகமாகி, 2015இல் புதிதாக உருவான டெக்சாஸ் ரியோ கிராண்டே பள்ளத்தாக்குப் பல்கலைக்கழகத்தின் பகுதியானது. ஸ்பானிஷ் சாயலை ஒருகாலத்தில் துடைத்தெடுக்கப் பார்த்த அதே ஊரில், மரபுமொழி மாணவர்களுக்கென்றே மருத்துவ ஸ்பானிஷ் பாடம் உருவானது. செவிலியராக, மருத்துவராக, மொழிபெயர்ப்பாளராக ஆக விரும்பும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கானது அது.

அவர்களுக்கு இரண்டு ஸ்பானிஷும் வேண்டும். நீரிழிவைப் புத்தகம் ‘தியாபேதெஸ்’ என்கிறது. எல்லையோரத்து முதியவர் டாக்டரிடம் “தெங்கோ அசூகர்” என்பார், அதாவது “எனக்குச் சுகர் இருக்கு”. தமிழ்நாட்டு முதியவரும் அப்படியேதான் சொல்வார். குழந்தையின் வயிற்றில் சாப்பாடு செரிக்காமல் தங்கிவிட்டால் ‘எம்பாச்சோ’, நம் ஊர் மாந்தம் போல. கண்ணேறு பட்டால் ‘மால் தெ ஓஹோ’. பள்ளியில் மட்டும் ஸ்பானிஷ் கற்ற டாக்டருக்கு இவை புதிர்கள். வீட்டில் கற்ற பெண்ணுக்கோ இவை பாட்டியின் சொற்கள். அவளுக்குத் தெரியாதது, மருந்தை எத்தனை மணிக்கு ஒருமுறை, எந்த உணவுக்கு முன் எடுக்க வேண்டும் என்று பிழையில்லாமல், மரியாதையாக, ‘உஸ்தெத்’ போட்டு எழுதித் தருவது. எழுதி முடித்த குறிப்பை, முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அவர் பேச்சிலேயே விளக்கிச் சொல்வது அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லாத பகுதி.