டொக்டர் படிப்பும் மாவட்டக் கணக்கும்



நம் தோட்டங்களிலிருந்து திருகோணமலைக்கு யாத்திரை போகிறவர்கள் பலர். கோணேசர் கோயிலைக் கும்பிட்டு, கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்து, துறைமுகத்தில் நிற்கும் கப்பலைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வருவோம். அந்த ஊரில் நாம் கவனிக்காமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. அங்கே மூன்று சனமும் கலந்து வாழ்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்மாவட்டத்தில் 100 பேரில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 40 பேர், தமிழர் 30 பேர், சிங்களவர் 27 பேர். அப்படிப்பட்ட ஊரின் ஆஸ்பத்திரிக்கு எல்லாச் சனத்திலிருந்தும் டொக்டர்மார் வேண்டும் என்பதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நம் நிலைமையும் அதுதான். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆஸ்பத்திரியில் நாங்கள் கண்டதைச் சொல்கிறோம். கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா, "நெஞ்சு அடைக்குதுங்க, கை மதமதன்னு இருக்கு, ராவெல்லாம் தூக்கமில்ல" என்று விவரமாகச் சொன்னார். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்றவர் அதை "நெஞ்சு வலி" என்று இரண்டே சொல்லில் மாற்றிச் சொன்னார். டொக்டர் நல்லவர், பொறுமையானவர். ஆனால் கை மதமதத்ததும் தூக்கம் போனதும் அவர் காதுக்குப் போகவே இல்லை. நம் லயத்தில் பிறந்த பிள்ளை ஒன்று டொக்டராக அங்கே உட்கார்ந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே திரும்பினோம்.

அப்படி உட்கார வழி உண்டா? உண்டு. ஆனால் அதன் கணக்கை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் அரசாங்க மருத்துவ பீடங்களுக்கு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைப் பார்த்துத்தான் பிள்ளைகளை எடுக்கிறார்கள். பரீட்சை எழுதிய எல்லாரின் சராசரிக்கும் ஒரு பிள்ளை எவ்வளவு மேலே, அல்லது கீழே நிற்கிறது என்பதைக் காட்டுவதுதான் இசட் புள்ளி. 100 இடம் இருந்தால் 40 இடம் நாடு முழுவதற்குமான திறமை வரிசைக்குப் போகும். 55 இடம் சனத்தொகைக் கணக்கில் மாவட்டங்களுக்குப் பிரியும். மீதி 5 இடம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிட்ட 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் திருகோணமலை இருக்கிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, மொனராகலையும் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை.

இந்த முறை சண்டை சச்சரவு இல்லாமல் வந்ததல்ல. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது தமிழில் எழுதிய பிள்ளைகள் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் காயம் பெரிது. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. அது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு நட்டமாகவும், திருகோணமலை போன்ற இடங்களுக்குக் கதவு திறந்த மாதிரியும் இருந்தது. ஒரே சட்டம் ஒரு தமிழ்ப் பிள்ளையை வெளியே நிறுத்தி, இன்னொரு தமிழ்ப் பிள்ளையை உள்ளே விட்டது. இதில் நியாயம் எது என்று இன்றைக்கும் பேசுகிறார்கள்.

நாம் பேச வேண்டியது வேறொன்று. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் மலையகத் தமிழர். அந்த மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று பிரிக்கும்போது நம் தலையையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் அந்த இடத்தில் தோட்டத்துப் பிள்ளை உட்காருகிறதா, டவுன் பிள்ளை உட்காருகிறதா என்று சட்டம் கேட்பதில்லை. அதற்கு மாவட்டம் தெரியும், லயம் தெரியாது.

பக்கத்துத் தமிழ்நாட்டில் 2020இல் வேறு விதமாகச் செய்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் பரீட்சையிலும் தேறிய பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 வீதம் ஒதுக்கினார்கள். அங்கே பிள்ளை எந்த மாவட்டம் என்று பார்க்காமல், எந்தப் பள்ளிக்கூடம் என்று பார்த்தார்கள். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு வழி வேண்டும் என்று கேட்பது தவறில்லை. அது வரும் வரை இருக்கிற கதவைத் தட்டுவோம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை இவை:

சாதாரண தரம் முடிந்ததும், விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை எது என்று அதிபரிடம் கேளுங்கள். 1ஏபி வகைப் பாடசாலைகளில்தான் அந்தப் பிரிவு உண்டு. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றுக்கும் தமிழில் ஆசிரியர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

பிள்ளையின் மாவட்டம் வீட்டு விலாசத்தை வைத்துத் தீர்வதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் படித்த பாடசாலை எங்கே இருக்கிறதோ, பொதுவாக அதுவே மாவட்டம். நல்ல கொலிஜ் என்று நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு மாற்றினால் படிப்பு நன்றாக இருக்கலாம், ஆனால் வெட்டுப்புள்ளியும் கண்டிக்குரியதாக மாறிவிடலாம். மாற்றுவதற்கு முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து பாருங்கள்.

பல்கலைக்கழகம் போவதற்கு மூன்று தடவை வரை பரீட்சை எழுதலாம். முதல் தடவை தவறிய பிள்ளையை உடனே கொழும்புக் கடைக்கு அனுப்பிவிட வேண்டாம்.

மருத்துவ பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில். இப்போதே வீட்டில் தினமும் அரை மணி நேரம் ஆங்கிலம் வாசிக்க வையுங்கள். ஐந்து வருடப் படிப்புக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. மகாபொல போன்ற உதவிப்பணமும் உண்டு. அதன்பின் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் உள்ளகப் பயிற்சி.

இன்னொரு பாதையும் இருக்கிறது. திருகோணமலை கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டம் படிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. அதற்கும் உயர்தரப் பெறுபேற்றை வைத்துத்தான் எடுக்கிறார்கள். சித்தர் நூல்கள் நம் தமிழிலேயே இருப்பவை. மருத்துவ பீடத்துக்குச் சில புள்ளி குறைந்த பிள்ளை, எல்லாம் போச்சு என்று மூலையில் உட்காரத் தேவையில்லை.

பொம்பிளைப் பிள்ளைதானே, கொழுந்துக்குப் போகட்டும் என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வார்டில் நம் தாய்மார் ஆண் டொக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிற நோய் எத்தனை! அதைக் கேட்கப் போகிறவள் அந்தப் பிள்ளையாக இருக்கலாம்.

அடுத்த முறை திருகோணமலைக்குப் போனால் கோணேசபுரி வளாகத்து வாசலையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வாருங்கள்.