அம்புக்குறிக்கு முன் ஒரு வாக்கியம்

ஓர் ஆய்வில் எந்தெந்தக் கூறுகள் கவனிக்கப்படுகின்றன, எது எதைப் பாதிப்பதாக ஆய்வாளர் கருதுகிறார், ஏன் அப்படிக் கருதுகிறார் என்பதைச் சொல்லும் பகுதியே கருத்துச் சட்டகம். பெட்டிகளும் அம்புக்குறிகளும் கொண்ட படமாகவே மாணவர்களுக்கு அது அறிமுகமாகிறது. ஆனால் படம் பாதிதான். ஒவ்வோர் அம்புக்குறிக்கும் காரணம் சொல்லும் உரைநடை மறுபாதி. மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

மலேசியாவில் எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதும் ஆறாம் படிவ மாணவர்கள் பெங்காஜியான் ஆம் (பொது ஆய்வியல்) பாடத்துக்காக ஒரு சிறு ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். கெர்ஜா குர்சுஸ் (பாடப்பணி) என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்த வேலைதான். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இதன் அடிப்படை புதிதல்ல. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கருதுகோள் ஆகியவற்றைத் தொடக்கப்பள்ளி அறிவியலிலேயே பார்த்திருப்பார்கள். இடைநிலைப்பள்ளியில் பாடம் மலாய்க்கு மாறியதும் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. அறிக்கை மலாயில்தான் போகப்போகிறது என்றாலும், முதல் வரைவைத் தமிழில் பேசிப் பார்க்க விடும் ஆசிரியருக்கு வேலை பாதி குறையும்.

தைப்பிங் நகர மாணவர் ஒருவருக்குக் கைக்கெட்டும் பொருள் மழை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று புக்கிட் லாருட் மலையில் மோதி மேலெழுந்து குளிர்வதால், ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை ஊரில் கொட்டுகிறது. இன்று எத்தனை மணிக்கு மழை இறங்கும் என்று பந்தயம் கட்டிய ஊர் என்ற பெயரும் தைப்பிங்குக்கு உண்டு. ‘தைப்பிங் மழையும் மக்களும்’ என்று தலைப்பு எழுதி வரும் மாணவரிடம் ஆர்வம் இருக்கிறது, கேள்வி இல்லை. சட்டகம் கேள்வியிலிருந்துதான் தொடங்கும். ‘மாலை மழை ஏரிப் பூங்காவில் நடக்க வருவோரின் எண்ணிக்கையைக் குறைக்கிறதா?’ என்று கேட்டால் ஆய்வுக்கு எல்லை கிடைத்துவிடும். வெள்ளீயம் தோண்டிய பள்ளங்கள் 1880களில் அந்தப் பூங்காவான கதை சுவையானதுதான். அது முன்னுரைக்குப் போகட்டும், சட்டகத்தில் அதற்கு வேலையில்லை.

இனி அளவுகள். ‘மழை’ என்று எழுதினால் போதாது; மாலை 4 மணி முதல் 7 மணி வரை பெய்த மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். ‘மக்கள்’ என்பது ஒரே நுழைவாயிலில் அதே நேரத்தில் எண்ணப்பட்ட நடைப்பயிற்சியாளர்கள். முன்னது தற்சார்பு மாறி, பின்னது சார்பு மாறி. இரண்டையும் இணைக்கும் அம்புக்குறியை வரையுமுன், அதை வாக்கியமாக எழுதச் சொல்வது நல்ல பயிற்சி: ‘மழை கூடும் நாளில் வருவோர் குறைவர், ஏனெனில் பாதை வழுக்கும், இடிக்குப் பயந்து வயதானவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.’ ‘ஏனெனில்’ வராத வாக்கியத்துக்கு அம்புக்குறி கிடையாது என்று வகுப்பில் விதி வைத்துவிடலாம்.

அந்த ‘ஏனெனில்’ இன்னும் சில பெட்டிகளைக் கொண்டுவரும். மழைக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் நிற்கும் அச்சம் இடையீட்டு மாறி. மழை அதன் வழியாக வேலை செய்கிறது. அருகில் குடியிருப்பவர் மழை விட்டதும் வந்துவிடலாம், வெளியூர்க்காரர் திரும்பிப் போய்விடலாம். ஆகவே வீட்டின் தூரம் மழையின் விளைவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் மாறி. இந்த இரண்டையும் பட்டதாரி மாணவர்களே குழப்பிக்கொள்வதுண்டு. உளவியலாளர்கள் பேரனும் கென்னியும் இவற்றைப் பிரித்துக் காட்டி எழுதிய 1986ஆம் ஆண்டுக் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பள்ளி விடுமுறை வேறு வகைத் தொல்லை. அது மழைமாதத்தோடு சேர்ந்து வந்தால், எண்ணிக்கை மாறியது எதனால் என்று சொல்ல முடியாமல் போகும்.

அம்புக்குறியால் காரணத்தைக் காட்டும் முறைக்கு ஒரு தொடக்கம் உண்டு. அமெரிக்க மரபியலாளர் சூவல் ரைட் கினிப்பன்றிகளின் உரோம நிறத்தில் மரபின் பங்கு எவ்வளவு, சூழலின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட 1920ஐ ஒட்டி இத்தகைய படங்களை வரைந்தார். அவர் படத்தில் ஒவ்வொரு கோடும் அளக்கப்பட வேண்டிய ஒன்று. இன்றைய மாணவர் படங்களில் பல கோடுகள் அலங்காரம்.

கோட்பாட்டுச் சட்டகம் வேறு. அது ஏற்கெனவே நிலைபெற்ற ஒரு கோட்பாட்டை எடுத்துக்கொள்வது. கருத்துச் சட்டகம் இந்த ஆய்வுக்கென்று மாணவரே கட்டுவது. பள்ளி அளவில் இரண்டாவது போதும்.

மாறிகளே இல்லாத ஆய்வும் உண்டு. ரப்பர்த் தோட்டம் செம்பனைக்கு மாறியபின் நகருக்குப் பெயர்ந்த குடும்பங்களிடம் பேட்டி எடுக்கும் மாணவரை, தற்சார்பு மாறி எங்கே என்று கேட்டு மிரட்டுவது வீண். அங்கே சட்டகம் என்பது வேலை, கோயில், பிள்ளைகளின் பள்ளி, வீட்டுப் பேச்சு ஆகியவை ஒன்றையொன்று எப்படித் தொடுகின்றன என்ற தற்காலிக வரைவு. அம்புக்குறி இரு பக்கமும் போகலாம். பாட்டி சொல்லும் ஒரு செய்தி புதிய பெட்டியைச் சேர்க்கலாம். அதைச் சேர்த்துத் திருத்துவது அந்த முறையில் முறையான வேலையே.

திருத்தும் ஆசிரியருக்கு இரண்டு சோதனைகள் போதும். ஒவ்வொரு பெட்டிக்கும் வினாநிரலில் ஒரு கேள்வியோ களத்தில் ஓர் அளவீடோ இருக்கிறதா? ஒவ்வோர் அம்புக்குறிக்கும் ஆய்வு நோக்கங்களில் ஒரு வரி இருக்கிறதா? அவை இல்லாத பெட்டியையும் அம்புக்குறியையும் அடித்துவிடலாம். ஐந்து பெட்டிக்கு மேல் போன படத்தில் குறைந்தது இரண்டு பெட்டிகள் அப்படிப் போகும்.

மழை ஆய்வில் தரவு எதிர்பார்ப்புக்கு மாறாக வந்தால், அம்புக்குறியை அழித்துவிட்டு முதலிலேயே அப்படி நினைத்ததுபோல் எழுத மாணவருக்கு ஆசை வரும். எண்ணும் ஆய்வில் அது கூடாது. சட்டகம் களத்துக்குப் போகுமுன் எழுதியபடியே இருக்க வேண்டும். தொடர்பு தென்படவில்லை என்பதும், குடையோடு நடந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் கண்டுபிடிப்புப் பகுதியில் இடம்பெறும்.