‘செக்கர்போர்டு’: கட்டம், கள்ளி, களம்

முன்னுரை

கட்டமிட்ட ஆட்டப் பலகையைச் சுட்டும் ‘செக்கர்போர்டு’ என்னும் ஆங்கிலச் சொல், ஆட்டத்தின் எல்லையைக் கடந்து பல துறைகளில் வழங்குகின்றது. அதனை எல்லா இடங்களிலும் ‘சதுரங்கப் பலகை’ என்று பெயர்ப்பது பொருந்துமா என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைச் சூழல் இவ்வாய்வுக்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றது.

சொல் வரலாறு

அரசனைக் குறிக்கும் ‘ஷா’ என்னும் பாரசீகச் சொல், அரபு, இடைக்கால இலத்தீன், பழைய பிரெஞ்சு ஆகியவற்றின் வழியே ஆங்கிலத்தில் ‘செக்’ ஆயிற்று. பழைய பிரெஞ்சில் சதுரங்கப் பலகையைக் குறித்த சொல், ஆங்கிலத்தில் ‘செக்கர்’ எனவும் ‘எக்ஸ்செக்கர்’ எனவும் கிளைத்தது. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரசுக் கணக்கர்கள் கோடிட்ட துணி விரித்த மேசைமீது காய்களை வைத்துக் கணக்கிட்டமையே பின்னதற்குக் காரணம். ‘கருவூலம்’ என்னும் தமிழ்ச்சொல்லில் இவ்வரலாற்றின் சுவடு இல்லை. எனினும் பொருள் குறைவுபடவில்லை. சொற்பிறப்பு வேறு, சொற்பொருள் வேறு என்பதற்கு இதுவே சான்று.

பொருட்கூறுகள்

இச்சொல்லின் பயன்பாடுகளை நான்காகப் பகுக்கலாம்.

1. ஆட்டப் பலகை: ‘செக்கர்ஸ்’ என அமெரிக்கர் வழங்குவது சதுரங்கம் அன்று, பிரித்தானியர் ‘டிராஃப்ட்ஸ்’ என்னும் ஆட்டமாகும். 64 கட்டங்களுள் நிறம் செறிந்த 32 மட்டுமே அதில் பயன்படும். ஆகவே அமெரிக்க நூலைப் பெயர்ப்போர் ‘சதுரங்கப் பலகை’ என்றெழுதின், ஆட்டமே மாறிவிடும்.

2. தோற்றம்: 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாடினையொட்டிச் சென்னை நேப்பியர் பாலத்திற்குக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வண்ணம் தீட்டப்பட்டது. இங்குச் ‘சதுரங்கப் பலகை போன்ற’ என்பது இயல்பாகப் பொருந்தும். ஆனால் சமையலறைத் தளத்திற்குக் ‘கறுப்பு வெள்ளைக் கட்டம்’ என்பதே போதும். ‘கட்டம்’ என்று மட்டும் கூறின் நிறமாற்றம் விடுபடும். தாயக்கட்டத்திலும் இராசிக் கட்டத்திலும் கோடுகள் உண்டு, நிறங்கள் மாறிமாறி வருவதில்லை.

3. ஒன்றுவிட்டு ஒன்று: அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டின் இருப்புப்பாதைச் சட்டத்தின்படி, ஒரு சதுர மைல் பரப்புள்ள நிலப்பகுதிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக இருப்புப்பாதை நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டன. இவ்வமைப்பையும் இச்சொல் குறிக்கும். இங்கு நிறமும் ஆட்டமும் இல்லை. ‘ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த நிலம்’ என்பதே பொருள்.

4. ஏற்ற இறக்கம்: இதன் கிளையான ‘செக்கர்டு’ என்னும் அடை, ஒருவர் வாழ்வின் ஏறுமுக இறங்குமுகங்களைச் சுட்டும். ‘கட்டம் போட்ட வாழ்க்கை’ என்பது தமிழாகாது. ‘மேடுபள்ளம் நிறைந்த வாழ்க்கை’ என்பது தமிழ் மரபு.

கிழக்கேகோட்டை தரும் பாடம்

இவ்விடத்தின் பெயரிலேயே இருமொழி வேறுபாடு தொடங்குகின்றது. தமிழில் ‘கிழக்கே’ என்பது திசை குறிக்கும் வினையடையாகவே பெரிதும் வரும். மலையாளத்தில் அது பெயரடையாகவும் நிற்கும். கட்டம் பற்றிய சொற்களிலும் இத்தகைய வேறுபாடுகள் உள.

கட்டமிட்ட வேட்டி மலையாளத்தில் ‘கள்ளிமுண்டு’. ‘கள்ளி’ என்பது அங்குக் கட்டத்தையும் குறிக்கும். தமிழர்க்கோ அச்சொல் முட்செடியையே முதற்கண் நினைவூட்டும். சதுரங்கப் பலகையின் கட்டம் மலையாளத்தில் ‘களம்’ எனப்படும். தமிழில் களம் என்பது போர்க்களமும் நெற்களமுமாகும்.

இவற்றுள் மிகுந்த விழிப்பை வேண்டுவது ‘சதுரம்’ ஆகும். தமிழ் வடிவியலில் அது நாற்பக்கமும் ஒத்த உருவம். மலையாளப் பள்ளி வழக்கில் ‘சதுரம்’ என்பது செவ்வகம். நாற்பக்கமும் ஒத்தது ‘சமசதுரம்’. நில ஆவணத்தைப் பெயர்ப்பவர் எழுத்தொப்புமையை நம்பிச் சதுரத்தைச் சதுரமாகவே விட்டால், மனையின் வடிவமே பிழைபடும். ‘சதுரங்கம்’ என்பதும் சதுர வடிவைக் குறித்து எழுந்ததன்று. சதுர், அங்கம் எனப் பிரிந்து யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையைச் சுட்டுவது.

முடிவுரை

ஒரு சொல்லுக்கு ஒரு நிகர்ச்சொல் என்னும் முறை இங்குப் பயன்தராது. ஆட்டம், தோற்றம், வரிசைமுறை, வாழ்வுநிலை ஆகியவற்றுள் எக்கூறு முதன்மை பெறுகின்றது என்பதைத் துணிந்த பின்னரே சொல்லைத் தெரிதல் வேண்டும். இனமொழிகளுக்கிடையே பெயர்ப்போர்க்கு அறியாத சொல்லினும் அறிந்தது போலத் தோன்றும் சொல்லே பெரும் இடராகும்.