பள்ளிக்கூடத்தின் பணத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? திருத்தணியிலிருந்து ஒரு கணக்கு

திருத்தணி, சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்த ஊர். அவர் பிறந்த செப்டம்பர் 5ஆம் நாள் 1962 முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆண்டுதோறும் அந்நாளில் ஆசிரியப் பணியின் மேன்மை மேடைதோறும் பேசப்படுகிறது. ஆனால் அந்த ஆசிரியர் நின்று பாடம் நடத்தும் வகுப்பறையின் கூரைக்கும், கரும்பலகைக்கும், கழிப்பறைத் தண்ணீருக்கும் ஆகும் பணம் எங்கிருந்து வருகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது எந்த மேடையிலும் பேசப்படுவதில்லை. அரசுப் பள்ளியைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத தலித் குடும்பங்களுக்கு இது கணக்குப் பிள்ளைகளிடம் விட்டுவிடக்கூடிய கேள்வி அன்று.

ஊர் மக்களே வாக்களித்துத் தம் பள்ளிக்குப் பணம் ஒதுக்கிக்கொள்ளும் முறை உலகில் உண்டு. அது நமக்கும் வேண்டும் என்று சிலர் விரும்பவும் கூடும். அம்முறை ஒடுக்கப்பட்டோருக்கு என்ன தந்தது, நம்மிடம் இருப்பது என்ன, அதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய முனை எது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

வாக்களித்து வரி போடும் ஊர்கள்

அமெரிக்காவில் பள்ளிகளை நடத்துபவை பெரும்பாலும் பள்ளி மாவட்டங்கள் எனப்படும் தனி உள்ளாட்சி அமைப்புகள். அவற்றின் உள்ளூர் வருவாயில் பெரும்பங்கு அப்பகுதியின் வீடு, நிலம் மீதான சொத்து வரி. ஆசிரியர் ஊதியம், பேருந்து, மின்சாரம் போன்ற அன்றாடச் செலவுக்குப் பணம் போதாதபோது, பல மாநிலங்களில் கூடுதல் வரிக்கு ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாசிங்டன் மாநிலத்தில் 60 விழுக்காட்டினர் ஒப்பினால்தான் அத்தகைய வரி நிறைவேறும் என்ற விதி 2007 வரை இருந்தது. அவ்வாண்டுதான் எளிய பெரும்பான்மை போதும் என்று மாற்றப்பட்டது.

கேட்பதற்கு இது முழுமையான மக்களாட்சி போலத் தோன்றும். டெக்சாசு மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் நடந்ததைப் பார்த்தால் மறுபக்கம் புலப்படும். அங்கே எட்ஜ்வுட் என்ற பள்ளி மாவட்டத்தின் மாணவர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் மெக்சிக வம்சாவளியினர், ஏழைகள். அதே நகரின் அலமோ ஹைட்சு மாவட்டம் வசதி படைத்த வெள்ளையர் பகுதி. 1967-68 கணக்குப்படி எட்ஜ்வுட் மக்கள் ஒவ்வொரு 100 டாலர் சொத்து மதிப்புக்கும் 1.05 டாலர் வரி கட்டினர். அலமோ ஹைட்சு மக்கள் கட்டியது 85 சென்ட். கூடுதல் விகிதத்தில் வரி கட்டியும் எட்ஜ்வுட்டுக்கு உள்ளூர் வரியாக ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்சுக்கு 333 டாலர். மாநில, கூட்டாட்சி அரசுகளின் நிதியைச் சேர்த்த பிறகும் இடைவெளி 356 டாலருக்கும் 594 டாலருக்குமாக நின்றது. எட்ஜ்வுட் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நால்வருக்கு ஐவர் என்ற பெரும்பான்மையில், கல்வி அரசமைப்பு உறுதி செய்த அடிப்படை உரிமை அன்று எனக் கூறி அவர்களுடைய வழக்கைத் தள்ளியது.

ஏழைகள் கூடுதலாகக் கொடுத்தும் குறைவாகவே பெற்றார்கள் என்பதே இதன் சாரம். ஊரின் செல்வத்தோடு பள்ளியைக் கட்டிவைத்தால், செல்வம் இல்லாத ஊர் எத்தனை முறை ஆம் என்று வாக்களித்தாலும் பள்ளி உயராது.

நம்மிடம் இருந்த கல்வி வரி

இத்தகைய உள்ளூர் வரி நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் தீர்மானம் இயற்றிக் கல்வி வரி விதிக்க வழிவகுத்தது. நகராட்சிச் சொத்து வரியில் இன்றும் கல்வி வரி ஒரு பகுதியாக இருப்பது அதன் தொடர்ச்சியே. ஆனால் அன்று அத்தீர்மானத்திற்குக் கை தூக்கியவர்கள் மன்ற உறுப்பினர்கள், பொதுமக்கள் அல்லர். அந்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமையும் சொத்தும் வரியும் உடையவர்களுக்கே இருந்தது. நிலமற்ற கூலிகளான தலித்துகள் அந்த அவைக்கு வெளியே நின்றார்கள்.

அதன் விளைவு பள்ளி வாசலில் தெரிந்தது. பொதுப்பள்ளிகள் எல்லோருக்கும் உரியவை என்று அரசு ஆணையிட்டாலும், பள்ளி ஊர்த்தெருவிலோ கோயிலை ஒட்டியோ இருந்தால் சேரிப் பிள்ளைகள் அங்கே போக முடியவில்லை. எனவே சென்னை மாகாண அரசு தொழிலாளர் துறையின் வழியாக ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கெனத் தனிப் பள்ளிகளைத் திறக்க வேண்டியிருந்தது. இன்று ஆதிதிராவிடர் நலத்துறையின்கீழ் இயங்கும் 1,138 பள்ளிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. உள்ளூர் மன்றங்கள் தர மறுத்ததை மேலே இருந்த அரசு தர வேண்டி வந்ததன் சான்றுகள் அவை. 2023-24 நிதிநிலை அறிக்கையில் இப்பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையுடன் இணைக்கும் அறிவிப்பு வந்தபோது தலித் இயக்கங்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்ததற்கும் இவ்வரலாறே காரணம்.

திருத்தணிக்கு இக்கதையில் ஒரு கூடுதல் மடிப்பு உண்டு. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து இவ்வூரும் அங்கே போனது. படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்திற்குத் திரும்பியது. எல்லையைப் பிரிக்கும்போது கிராமத்தை அலகாகக் கொண்டு மொழிப் பெரும்பான்மையை எண்ணினார்கள். ஒவ்வொரு கிராமத்தின் உள்ளும் ஊர், சேரி என்ற எல்லை இருந்ததை எண்ணுவதற்கு அங்கே பத்தி இல்லை. தமிழ் பேசும் தலித்துகளும் தெலுங்கு பேசும் தலித்துகளும் வாழும் இப்பகுதியில் மாநிலம் மாறியும் அந்த உள்ளெல்லை மாறவில்லை.

இன்று பணம் வரும் வழி

இன்றைய நிலையை மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, ஊதியம். பள்ளிச் செலவில் மிகப் பெரிய பகுதி இதுவே. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981இல் அரசு ஊழியர்களாக்கப்பட்டனர். அவர்களுடைய ஊதியம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது.

இரண்டாவது, கட்டடம். பள்ளி ஊராட்சி ஒன்றியத்தினுடையதா, நகராட்சியினுடையதா, நலத்துறையினுடையதா என்பதைப் பொறுத்துப் பழுது பார்க்கும் பொறுப்பு மாறுகிறது. சுவர் விரிசல் விட்டால் எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்று பெற்றோர் அலைவது இதனால்தான்.

மூன்றாவது, பள்ளியின் கைக்கு வரும் அன்றாடச் செலவுப் பணம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம், மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 30 பேர் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. அதற்கு மேல் 1 இலட்சம்.

இந்தப் படிக்கட்டைச் சற்று உற்றுநோக்க வேண்டும். 31 பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பிள்ளை விலகினால் மானியம் 25,000இலிருந்து 10,000ஆக இறங்குகிறது. மாதத்திற்குக் கணக்கிட்டால் 833 ரூபாய். அதற்குள் சுண்ணக்கட்டி, குடிநீர், விளையாட்டுப் பொருள், சிறு பழுது அனைத்தும் அடங்க வேண்டும். ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிட்ட ஊர்களில், எஞ்சி நிற்பவர்கள் தலித் பிள்ளைகள். விலகிப்போனவர்களின் முடிவுக்கு விலை கொடுப்பவர்கள், விலக வழியில்லாதவர்கள். விதியில் எங்கும் சாதி என்ற சொல் இல்லை, விளைவில் இருக்கிறது.

அந்தப் பணமும் உறுதியானதன்று. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததைக் காரணம் காட்டி, 2024-25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தமிழகத்திற்கு விடுவிக்கவில்லை. 2025 மே மாதம் தமிழக அரசு வட்டியோடு சேர்த்து 2,291 கோடி ரூபாய் கேட்டு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. தேசியக் கல்விக் கொள்கை குறித்த இரு அரசுகளின் வழக்கில் எவர் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். 10,000 ரூபாயை நம்பி ஓடும் பள்ளியின் பெற்றோரை இரு தரப்பும் ஒரு சொல் கேட்கவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் வாக்கெடுப்புதான் தீர்வா?

மேலிருந்து வரும் பணம் நிற்கிறது என்றால், ஊரே முடிவு செய்யட்டும் என்று சொல்லத் தோன்றும். அண்மைக்கால நிகழ்வுகள் நம்மை எச்சரிக்கின்றன. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே, ஒரு தலித் பெண் சமைக்கும் சத்துணவைத் தம் பிள்ளைகள் உண்ணக்கூடாது என ஆதிக்கச் சாதிப் பெற்றோர் திரண்டு போராடினர். அதிகாரிகள் அவரை இடமாற்றம் செய்தனர். எதிர்ப்பு எழுந்த பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. 2020 ஆகஸ்டு 15 அன்று, இதே திருவள்ளூர் மாவட்டத்தின் ஆத்துப்பாக்கத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவர் தேசியக் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். மாவட்ட நிர்வாகம் தலையிட்ட பின்னரே அவரால் கொடியேற்ற முடிந்தது. இரண்டிலும் ஊரின் பெரும்பான்மை ஒரு பக்கம் நின்றது; சட்டம் மறுபக்கம் நின்றது. பள்ளிப் பணத்தை அந்தப் பெரும்பான்மையின் வாக்குக்கு விட்டால், சேரியோரப் பள்ளிக்கு எத்தனை கைகள் உயரும்?

அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில், கிராமத்தை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரை அலகாகக் கொண்டதைப் பாராட்டிப் பேசியது இந்த அச்சத்தை உணர்ந்தே. அவரே 1927 மார்ச்சு மாதம் பம்பாய்ச் சட்ட மேலவையில் கல்வி மானியம் குறித்துப் பேசும்போது, மதுவரியாக மக்களிடமிருந்து எடுக்கும் அளவுக்கேனும் அவர்களுடைய கல்விக்குச் செலவிட வேண்டும் என வாதிட்டார். பணம் அரசிடமிருந்து உரிமையாக வர வேண்டும். அதைக் கேட்கும் குரல் மக்களிடம் இருக்க வேண்டும். அவருடைய இவ்விரு நிலைகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

சட்டம் தந்த இருக்கை

அந்தக் குரலுக்கு இன்று சட்டத்தில் உள்ள இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பின்தங்கிய, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கு வேண்டும். வெறும் பெரும்பான்மை வாக்கெடுப்பில் இல்லாத காப்பு இதில் இருக்கிறது: நம் இருக்கை ஊரின் தயவில் கிடைப்பதன்று. பள்ளிக்கு எந்த வழியில் பணம் வந்தாலும் அதன் பயன்பாட்டைக் கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் இக்குழுவின் கடமைகள். அந்தத் திட்டமே மானியங்களுக்கு அடிப்படை என்கிறது 22ஆம் பிரிவு.

தமிழகத்தில் இக்குழுக்கள் 2022இல் 20 உறுப்பினர்களோடும், 2024இல் 24 உறுப்பினர்களோடும் மறுகட்டமைக்கப்பட்டன. தலைவர் பெற்றோரில் ஒருவர். ஆனால் கூலி வேலைக்குப் போன தாய்க்குக் கூட்டம் நடந்த செய்தி மறுநாள் கையெழுத்துக் கேட்டு வரும்போதுதான் தெரியும் என்றால், இருக்கை காகிதத்தில் மட்டுமே இருக்கும். எனவே பெற்றோர் கேட்க வேண்டியவை சில:

- இவ்வாண்டு பள்ளிக்கு எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு பணம் வந்தது, எந்த நாளில் வந்தது?
- செலவுச் சீட்டுகள் கூட்டத்தில் வாசிக்கப்பட்டனவா? தெலுங்கு மட்டுமே அறிந்த பெற்றோருக்கு அம்மொழியில் சொல்லப்பட்டதா?
- பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் நம் பிள்ளைகளின் தேவை எழுதப்பட்டதா? அதன் படி கையில் கிடைக்குமா?
- கூட்டம் கூலி இழக்காமல் வரக்கூடிய நேரத்தில் நடக்கிறதா?

விடை கிடைக்காவிடில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஊராட்சிப் பகுதியில் இருப்போர் கிராம சபையில் பள்ளியைத் தீர்மானமாக்கலாம். ஆனால் இங்கேயும் ஓர் ஓட்டை இருக்கிறது. திருவள்ளூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தனித்தொகுதியாக ஒதுக்கப்பட்டதால் தலைவர் நாற்காலியை அடைந்த தலித் பெண்கள் அன்றோடு வெளியேறினர். உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவது பள்ளிக் கூரையோடும் தொடர்புடைய செய்தி என்பதை நாம் உணர வேண்டும்.

கேட்பது பெற்றோரின் கடமை என்று சொல்லி அரசைத் தப்பவிடவும் கூடாது. எண்ணிக்கை குறைந்த பள்ளிகளுக்கு மானியத்தின் கீழ்வரம்பு உயர்த்தப்பட வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டிற்கான 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிதியில் சேரியோரப் பள்ளிக்கு எவ்வளவு போனது என்பது பள்ளிவாரியாக வெளியிடப்பட வேண்டும். ஒன்றிய, மாநில அரசுகளின் பூசல் எதுவாயினும், கல்வி உரிமைச் சட்டத்தின் பணம் பேரப்பொருளாகக் கூடாது.

திருத்தணியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பள்ளியிலும் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்கு ஒரு நாள் குறிக்கப்படும். அந்நாளில் வரவுசெலவுப் பேரேட்டை மேசைமேல் வைக்கச் சொல்லும் உரிமை, அப்பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த கூலித்தொழிலாளித் தாய்க்கு உண்டு. அதற்கு அவர் யாரிடமும் வாக்குக் கேட்க வேண்டியதில்லை.