பட்டமும் பாளையமும் – 9: மலையைக் குத்தகைக்கு விட்ட தீர்த்தபதி

சென்ற வாரம் சேதுபதியோடு நிறுத்தியிருந்தோம். சேதுவுக்குக் காவல் சேதுபதி என்றால், தாமிரபரணித் தீர்த்தத்துக்கு உரியவர் தீர்த்தபதி. சிங்கம்பட்டி ஜமீனின் பட்டம் அது. பட்டம் என்றால் முதலில் நெற்றியில் கட்டும் பொன் தகடு. அதனால்தான் நம் ஊரில் பட்டம் 'கட்டுகிறார்கள்'.

மணிமுத்தாறு பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சிங்கம்பட்டி சிறிய ஊர். ஜமீனின் செல்வமெல்லாம் மேற்கே நிற்கும் மலைதான். ஜமீன் ஆவதற்கு முன் அது பாளையம். பாளையக்காரர் படை வைத்திருப்பார், காவல் பார்ப்பார், வரி தண்டுவார். கட்டபொம்மனையும் ஊமைத்துரையையும் தூக்கிலிட்ட கிழக்கிந்தியக் கும்பினி, படையையும் காவலையும் பிடுங்கிக்கொண்டு 1803இல் சன்னது என்ற உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தது. பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். பேஷ்குஷ் என்ற கப்பத்தைக் கட்டினால் போதும். வாள் இருந்த இடத்தில் காகிதம் வந்து உட்கார்ந்தது.

1919இல் சென்னை தேனாம்பேட்டை நியூவிங்டன் மாளிகையில், மைனர் ஜமீன்தார்களுக்கான பள்ளியின் முதல்வர் டி லா ஹே, படுக்கையில் இருந்தபடியே சுட்டுக் கொல்லப்பட்டார். கடம்பூர், சிங்கம்பட்டி வாரிசுகள் அந்த வழக்கில் சிக்கினார்கள். விசாரணை பம்பாய்க்குப் போனது. கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லை. ஆனால் வக்கீல்களுக்குக் கொட்டிய பணத்தில் ஜமீன் கடனாளியானது என்பார்கள். 1929இல் மலையில் சுமார் 8,374 ஏக்கர் காடு, பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருடக் குத்தகைக்குப் போயிற்று. காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். அதுதான் மாஞ்சோலை.

1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். 1952இல் சிங்கம்பட்டி அரசின் கைக்கு வந்தது. ஜமீன் போனதே தவிர, ஜமீன் எழுதிய குத்தகை போகவில்லை. நில உரிமையாளர் பெயரில் மட்டும் ராஜாவுக்குப் பதில் சர்க்கார்.

குழந்தைப் பருவத்திலேயே பட்டம் கட்டப்பட்ட முருகதாஸ் தீர்த்தபதிக்கு மிஞ்சியது ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையும் தலைப்பாகையுமாக அவர் வந்து உட்கார்வார். கோயில் இப்போது களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பெயருக்கு முன்னால் 'தென்னாட்டுப்புலி' என்ற விருதைச் சுமந்தவர், வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்டித்தான் தன் தர்பாருக்குப் போக வேண்டியிருந்தது! வரியும் இல்லை, வழக்குத் தீர்ப்பும் இல்லை; ஆனாலும் அந்த ஒரு நாள் சனம் அவரைக் கும்பிட்டது. சட்டத்துக்கு எட்டாத ஏதோ ஒன்று அதில் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

2020 மே மாதம் அவர் காலமானார். குத்தகைக்கு 2028 வரை ஆயுள் இருந்தது. தேயிலைக் கம்பெனியோ 2024இலேயே கடையைக் கட்டத் தொடங்கியது. மூன்று நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்களிடம் விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டியது. அந்த மலையில் பிறந்து வளர்ந்த அவர்கள் பெயரில் ஒரு சென்ட் பட்டா கிடையாது.

(அடுத்த வாரம்: எட்டயபுரம்)